மேடையில் இருப்பவரின் செவி

அன்புள்ள ஐயா,

ஜாஸ், மேற்கத்தியச் செவ்வியல், ராக், ஹிந்துஸ்தானி என்று கைக்குக் கிடைப்பதையெல்லாம் கேட்பவன் நான். எனக்குப் பிடித்த மேடை நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டு நண்பர்களிடம் காட்டியபோது இரண்டு கேலிகள் வந்தன. எல்லாவற்றிலும் வாய் வைப்பவனுக்கு எதிலும் ஆழம் இருக்காது என்பது ஒன்று. ஒன்றைக்கூட நேரில் கேட்காமல் பதிவில் கேட்டுவிட்டு நேரடி நிகழ்ச்சி என்று பேசுவது என்ன நியாயம் என்பது மற்றொன்று. என் பட்டியலில் முதலிடம், 1968இல் அமெரிக்காவின் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன் பாடகர் ஜானி கேஷ் பாடியதற்கு. ஒருவனைச் சுட்டுக் கொன்றதாக வரும் வரிக்குக் கைதிகள் எழுப்பும் ஆரவாரம் ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்க வைக்கிறது. உங்கள் பட்டியலில் எவை இருக்கும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் முதலிடத்திலிருந்தே தொடங்குகிறேன், சற்றுச் சங்கடத்தோடுதான். நீங்கள் சொல்லும் ஆரவாரம் அந்த வரிக்கு எழவே இல்லை. இசைத்தட்டுக்காகப் பதிவைத் தொகுத்தவர்கள் பிற்பாடு ஒட்டவைத்தது அது. சுற்றிலும் காவலர்கள் நிற்கையில், சிறையைப் பற்றிய பேச்சுக்கு உற்சாகம் காட்டினால் பிறகு அனுபவிக்க வேண்டியிருக்கும் என்று கைதிகள் அடக்கித்தான் வாசித்திருக்கிறார்கள். இதனால் உங்கள் தேர்வு தவறாகிவிடாது. அதே நிகழ்ச்சியின் கடைசிப் பாடலைக் கேளுங்கள். அதை எழுதிய க்ளென் ஷெர்லி அதே சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர். அவருடைய பாடல் முந்தைய இரவுதான் கேஷின் காதுக்கு வந்தது. ஒரே இரவில் பாடம் செய்து, எழுதியவர் எதிரே அமர்ந்திருக்க, மறுநாள் மேடையில் பாடிவிட்டார். ஒட்டவைத்த ஆரவாரத்தைப் பிய்த்து எடுத்தாலும் இது மிஞ்சும்.

நேரடி நிகழ்ச்சிகளில் நான் தேடுவதும் இதைத்தான். பாடுவதையும் வாசிப்பதையும் ஸ்டூடியோவில் இன்னும் சுத்தமாகச் செய்யலாம். பிசகினால் திரும்பச் செய்யலாம். மேடையிலோ, வாசிப்பவர் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் நம் காதில் விழுகிறது: எதிரே இருப்பவர்களை, பக்கத்தில் வாசிப்பவரை, சில சமயம் ஒத்துழைக்க மறுக்கும் தன் வாத்தியத்தை.

ஒத்துழைக்காத வாத்தியம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் ஆப்பெரா அரங்கில் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுக்கு வாய்த்த பியானோ. கேட்டிருந்தது பெரிய கச்சேரிப் பியானோ. மேடைக்கு வந்திருந்ததோ ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ. சுருதி கலைந்திருந்தது, மேல்ஸ்தாயி தகரம்போல ஒலித்தது, கீழ்ஸ்தாயியில் கனமில்லை, பெடல்களும் சரியில்லை. முதுகுவலியோடு வந்திருந்த ஜாரெட் வாசிக்க முடியாது என்றே சொல்லிவிட்டார். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்திருந்த வேரா பிராண்டஸ் என்ற பதின்வயதுப் பெண் மன்றாடியதால்தான் இரவு பதினொன்றரை மணிக்கு மேடையேறினார். பிறகு நடந்ததை நீங்களே கேட்கலாம். அந்தப் பியானோவில் எந்தப் பகுதி உருப்படியாக ஒலிக்கிறது என்று கண்டுகொண்டு பெரும்பாலும் நடுஸ்தாயியிலேயே சுற்றிவருகிறார். கனமில்லாத கீழ்ஸ்தாயியை ஈடுகட்ட இடக்கை ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டே போகிறது. முதல் பகுதி மட்டும் 26 நிமிடம். அதில் எதுவும் முன்கூட்டி எழுதி வைத்ததல்ல. நல்ல பியானோ கிடைத்திருந்தால் நல்லதொரு கச்சேரி கிடைத்திருக்கும், ஆனால் இந்தக் கச்சேரி கிடைத்திருக்காது.

செவ்வியல் இசையில் எல்லாம் எழுதி வைத்ததுதானே, அங்கே எதைக் கேட்டு என்ன மாற்ற முடியும் என்று தோன்றும். பியானோ கலைஞர் மரியா ஜுவாவோ பீரிஷ் ஆம்ஸ்டர்டாமில், ரசிகர்கள் அமர்ந்திருந்த ஒரு மதிய நேர ஒத்திகையில் வாசித்த காணொளியைப் பார்த்துவிடுங்கள். வாத்தியக்குழுவை நடத்தும் ரிக்கார்டோ ஷாயி கையசைக்கிறார். வாத்தியக்குழு மோட்சார்ட்டின் 20ஆம் பியானோ கான்செர்ட்டோவை, அதாவது பியானோவும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பைத் தொடங்குகிறது. முதல் சில நொடிகளில் பீரிஷின் முகம் வெளிறுகிறது, ஏனென்றால் அவர் தயார்செய்துகொண்டு வந்தது வேறொரு கான்செர்ட்டோ. அந்தப் படைப்பில் பியானோ நுழைவதற்கு முன் வாத்தியக்குழு மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வாசிக்கும். அவருக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான். நெற்றியில் கைவைக்கிறார், ஷாயியிடம் ஏதோ முறையிடுகிறார். ஷாயி கையசைப்பதை நிறுத்தாமலே, உங்களால் முடியும் என்று சிரித்த முகத்தோடு தைரியம் சொல்கிறார். பீரிஷ் தலைகுனிந்து, தன்னைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் இசையைக் கேட்கிறார். தன் இடம் வந்ததும் விரல்கள் நுழைகின்றன. ஒரு ஸ்வரம் பிசகவில்லை. எல்லோரும் அவருடைய ஞாபகசக்தியை வியக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அவ்வளவு பதற்றத்திலும் அந்த முதல் நுழைவில் இருக்கும் நிதானம்.

ஆழம் பற்றிய முதல் கேலிக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். ஜாரெட்டிடமும் பீரிஷிடமும் நான் கேட்பது ஒன்றையே, அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதை; பாணிதான் வேறு. ராகமும் தாளமும் பிடிபட ஒவ்வொரு மரபிலும் தனியாக உழைக்கத்தான் வேண்டும், அதில் உங்கள் நண்பர்களோடு எனக்குச் சண்டையில்லை. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியில், சிதார் கலைஞர் ரவிசங்கரும் சரோத் கலைஞர் அலி அக்பர் கானும் சுருதி கூட்டி முடித்ததும் கூட்டம் கைதட்டியது. சுருதி கூட்டியதே இவ்வளவு பிடித்திருக்கிறதென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் சொன்னார். அந்தக் கைதட்டலைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். பிறகு, அதே அறியாமையோடு நான் எத்தனை இடங்களில் கைதட்டியிருப்பேன் என்று எண்ணிச் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது கேலியில் பாதி நியாயம் இருக்கிறது. பதிவு என்பது மைக் இருந்த இடத்திலிருந்து கேட்டது. 1956இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டன் குழுவின் பால் கொன்சால்வஸ் சாக்ஸஃபோனில் 27 சுற்றுகள் நிறுத்தாமல் வாசித்தார். மேடையோரத்தில் டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டிக்கொண்டிருக்க, கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கியது. ஆனால் கொன்சால்வஸ் வாசித்தது இசைத்தட்டு நிறுவனத்தின் மைக்கில் அல்ல, பக்கத்தில் இருந்த வானொலியின் மைக்கில். எனவே இசைத்தட்டில் அவர் தூரத்திலிருந்து ஒலித்தார். போதாக்குறைக்கு அந்தத் தட்டின் வேறு சில பகுதிகள் ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டல் சேர்த்தவை. வானொலியின் நாடா கிடைத்து, இரண்டையும் இணைத்து 1999இல் வெளியிட்ட பிறகுதான் அந்த இரவு முழுமையாகக் காதில் விழுந்தது. நேரில் போனவர்களும் அவரவர் இருக்கையிலிருந்துதான் கேட்டிருப்பார்கள் என்பதையும் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.

என் முதலிடம் 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பில் பில் எவன்ஸ் (பியானோ), ஸ்காட் லஃபாரோ (பாஸ்), பால் மோஷியன் (டிரம்ஸ்) மூவரும் வாசித்தது. பியானோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விட, லஃபாரோவின் பாஸ் அதை எடுத்து முடிக்கிறது. மோஷியன் பல இடங்களில் தாளத்தைச் சொல்லாமலே உணர்த்துகிறார். பதினோரு நாளில் கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார். அவருக்கு வயது 25. இந்த நிகழ்ச்சியில் கூட்டம் பெரிதாகக் கவனிக்கவும் இல்லை. மெல்லிய பகுதிகளில் பேச்சும் சிரிப்பும் கண்ணாடிக் கோப்பைகள் இடித்துக்கொள்ளும் ஓசையும் தெளிவாகவே கேட்கின்றன. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது எந்த இடத்தில் எந்தக் கோப்பை ஒலிக்கும் என்பதுகூட மனப்பாடம். அவை ஒலிக்காத ஒரு பதிவு வெளிவந்தால் வாங்குவேனா என்பது சந்தேகமே.