வயதான பெற்றோர், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு மாமல்லபுரம் பக்கம் கடலோர ரிசார்ட்டில் தங்க எப்படித் திட்டமிடுவது?

சென்னையிலிருந்து காரில் போய் ஒரு இரவு தங்கப் போகிறோம், கூட வருகிறவர்களில் பிள்ளைகளுக்கு ஐந்து வயது, ஒன்பது வயது, கடல் நன்றாகத் தெரியும் ரிசார்ட்டாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடலை விடுங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) எங்கே தங்கினாலும் கடல் இருக்கும். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை அங்கே என்ன செய்யப்போகிறீர்கள்? அதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. விடிந்ததும் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் கடலோடு உறவு. மீதி நேரமெல்லாம் அறை, நிழல், நீச்சல் குளம், சாப்பாடு.

அதனால் முதலில் கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து அந்த ரிசார்ட்டைப் பாருங்கள். அவர்கள் இணையதளத்தில் போடும் படங்கள் எல்லாம் சூரியன் உதிக்கும் நேரத்தில் எடுத்தவை. மரம் எத்தனை இருக்கிறது, குளத்தின் மேல் நிழல் விழுமா, அறையிலிருந்து கடற்கரைக்கு எவ்வளவு தூரம், நடுவில் வேறு கட்டடம் இருக்கிறதா என்பதெல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் போனைப் போட்டு ரிசப்ஷனில் நேரடியாகப் பேசுங்கள். தரைத்தள அறை உண்டா, வாசலில் எத்தனை படி, உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறதா, குளியலறையில் இருப்பது குளியல் தொட்டியா, ஷவரா? தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்துக் குளிப்பது முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. பெரும்பாலான இடங்களில் கடலைப் பார்த்த அறைகள்தான் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெகுதூரம். என் மாமியாரோடு போனபோது, டைனிங் ஹாலுக்குப் பக்கத்திலேயே அறை வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். ஜன்னலைத் திறந்தால் செம்பருத்திச் செடிதான் தெரிந்தது, வாடகையும் குறைவு. காலையில் நாங்கள் எழுவதற்குள் அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய், யாரையும் எதிர்பார்க்காமல் காபி குடித்துவிட்டு வந்து, "டிகாஷன் பரவாயில்லை, பால்தான் தண்ணி" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பணத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. அதாவது 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. 7,600 ரூபாய் அறைக்கு 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சமாகிவிடுகிறது. வாடகை அந்தக் கோட்டைத் தாண்டும் ஓட்டல்களில் பொதுவாகச் சாப்பாட்டு பில்லுக்கும் 18 சதவீதம் விழும். ஆகவே வரியோடு மொத்தம் எவ்வளவு என்றே கேளுங்கள்.

சாப்பாட்டுத் திட்டத்தில் சிபி என்றால் காலை டிபன் மட்டும், எம்ஏபி என்றால் அதோடு இன்னொரு வேளை, ஏபி என்றால் மூன்று வேளையும். எனக்கு சிபி போதும் என்றுதான் தோன்றும். பெரியவர்கள் ராத்திரி பஃபேயில் ரெண்டு இட்லியோடு எழுந்துவிடுவார்கள், ஐந்து வயசுக்காரர் ஐஸ்கிரீமைத் தவிர எதையும் தொடமாட்டார். மாமல்லபுரம் ஊருக்குள் போனால் சைவம், மீன் இரண்டுக்கும் கடைகள் நிறைய. பிள்ளைகளின் வயதை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்பது வயதுக்குக் கூடுதல் கட்டில், அதற்குத் தனிக் காசு என்று போய் இறங்கிய பிறகு பேச்சு வரக்கூடாது.

நீச்சல் குளத்தில் பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள், நைலான் உடைதான். வீட்டுப் பெண்கள் சுடிதாரோடு இறங்கலாம் என்று நினைத்து வந்து, கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைப்பதை எல்லா ரிசார்ட்டிலும் பார்க்கலாம். முழுக்கை வைத்த நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது, கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

கடலில் குளிப்பது பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். இந்தக் கரை மெரினா போலத்தான், சட்டென்று ஆழம் இறங்கும், திரும்பும் அலை காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். வானம் தெளிவாக இருக்கிறதே என்றும் நம்ப முடியாது. எங்கோ தெற்கே நடுக்கடலில் எழுந்த அலைவீச்சு நாட்கணக்கில் பயணம் செய்து வந்து கரையில் ஏறும், கள்ளக்கடல் என்பது அதுதான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது, கிளம்பும் நாளில் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீர், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. ரிசார்ட் காவலாளி விசில் அடித்தால் வெளியே வந்துவிடுங்கள், அவரிடம் வாதாடாதீர்கள்.

எப்போது போகலாம்? பொங்கல் முடிந்து மார்ச் வரை நல்லது. காணும் பொங்கலன்று மட்டும் அந்தச் சாலைப் பக்கமே போகாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, முன்பதிவை ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று கேட்காமல் கட்டாதீர்கள். லீவு போட முடிந்தால் சனி இரவுக்குப் பதில் ஞாயிறு இரவு தங்குங்கள், வாடகையும் கூட்டமும் குறையும்.

செக்-இன் பெரும்பாலும் மதியம் இரண்டு மணி. அதனால் வழியில் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிடலாம் (செவ்வாய் விடுமுறை). பழைய வீட்டுத் திண்ணைகள் இருப்பதால் பெரியவர்களுக்கு உட்கார இடம் உண்டு. ஒன்பது வயசுக்காரர் கேட்டால் வடநெம்மேலி முதலைப் பண்ணையும் அதே சாலைதான். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்ததும் போங்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது. எட்டரைக்குள் ரிசார்ட்டுக்குத் திரும்பினால் டிபனும் கிடைக்கும், செக்-அவுட்டுக்கு முன் பிள்ளைகள் குளத்தில் ஒரு ஆட்டமும் போடலாம்.

வாடகைக் காரில் போனால் டிரைவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா என்று அந்த முதல் போனிலேயே கேளுங்கள். பல இடங்களில் கிடையாது. அப்படியென்றால் போகும்போது ஒரு வண்டி, திரும்பும்போது ஒரு வண்டி என்று எடுத்துக்கொள்வது உங்களுக்கும் மலிவு.