உப்பு படிந்த இன்சுலேட்டர்: நியூரல் நெட்வொர்க்கிடம் எதைக் கேட்பது?

கேள்வி: நாகப்பட்டினத்தில் மின்பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். வேதாரண்யம் உப்பளப் பக்கம் போகும் 33 கேவி லைனில், பனிக்காலத்து விடியற்காலையில் பீங்கான் இன்சுலேட்டர் மேல் ஃபிளாஷ் ஓவர் ஆகி (அதன் மேற்பரப்பு நெடுக மின்பொறி பாய்ந்து) லைன் டிரிப் ஆகிறது, அதாவது தானாகத் துண்டிக்கப்படுகிறது. நியூரல் நெட்வொர்க் (தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் கணினி மாடல்) வைத்து இதை முன்பே சொல்ல முடியுமா? ஒரு வருட டிரிப் பதிவும் வானிலைத் தரவும் கையில் இருக்கின்றன.

பதில்: முடியும். ஆனால் 'டிரிப் ஆகுமா, ஆகாதா' என்று மாடலிடம் கேட்காதீர்கள். தரவில் மணிக்கு ஒரு வரி என்றால் வருடத்துக்கு 8,760 வரிகள். அவற்றில் ஃபிளாஷ் ஓவர் நடந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். எப்போதும் 'ஆகாது' என்றே சொல்லும் மாடல்கூட 99 சதவீதத்துக்கு மேல் சரி என்று காட்டும். லைன்மேனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதற்குப் பதில் கசிவு மின்னோட்டத்தை, அதாவது இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியே கசியும் மின்சாரத்தை, கணியுங்கள். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, பனியில் நனைந்த பிறகுதான் கடத்தும். அப்போது ஓடும் கசிவின் சூட்டில் பீங்கானின் ஒடுங்கிய பகுதி முதலில் காய்கிறது. காய்ந்த அந்தச் சின்ன வளையத்தின் குறுக்கே ஏறக்குறைய முழு வோல்ட்டேஜும் விழ, அங்கே பொறி சீறுகிறது. பொறி நீண்டு மறுமுனையை எட்டினால் ஃபிளாஷ் ஓவர். இதற்கெல்லாம் முன்பே கசிவு ஏறத் தொடங்கிவிடும், அதுவும் தினமும் அளக்கக் கிடைக்கும் எண்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை பீங்கானைக் கழுவிவிடும். பனியோ நனைக்கும், கழுவாது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்த விடியல்கள்தான் ஆபத்து. அதனால் வெறும் ஈரப்பதம் போதாது. காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளி, கடைசியாக நல்ல மழை பெய்து எத்தனை நாள், அதன்பின் கடல்காற்று எத்தனை மணி நேரம் வீசியது, இவற்றையும் உள்ளீடாகக் கொடுங்கள். படிந்த உப்பை நேரடியாகவும் அளக்கலாம். மின்சாரம் இல்லாத ஒரு பீங்கானை அதே உயரத்தில் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை இறக்கி, காய்ச்சி வடித்த நீரில் துடைத்தெடுத்து, அந்த நீரின் கடத்துதிறனிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று கணக்கிடுவார்கள். சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர் நீரை ஒட்டவிடாது. அதன் தரவைப் பீங்கானோடு கலக்காதீர்கள்.

பலரும் சறுக்குவது தரவை, மாடலுக்குக் கற்றுத்தரும் பயிற்சிப் பகுதி, அதைச் சரிபார்க்கும் சோதனைப் பகுதி என்று பிரிப்பதில். வரிகளைக் குலுக்கிப் பிரித்தால், நேற்றுக் காலை 5 மணி பயிற்சியிலும் 6 மணி சோதனையிலும் போய்விடும். விடையைப் பக்கத்து வரியில் பார்த்துவிட்ட மாடலின் மதிப்பெண்ணை நம்ப முடியாது. முழுப் பனிக்காலம் ஒன்றைத் தனியே ஒதுக்கிச் சோதியுங்கள். அப்படியென்றால் ஒரு வருடத் தரவு பற்றாது, இன்னொரு பருவம் சேகரித்தே ஆக வேண்டும்.

நெட்வொர்க் சின்னதாக இருக்கட்டும், இரண்டு அடுக்கு போதும். 'மழை நின்று இத்தனை நாள் ஆகி, பனியும் இருந்தால் எச்சரி' என்ற எளிய விதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நெட்வொர்க் அதை வெல்லாவிட்டால் அந்த விதியையே லைன்மேன்களிடம் கொடுத்துவிடலாம்.

அப்புறம் ஒன்று: கசிவை அளக்கும் சென்சாரை மாட்ட நீங்கள் கம்பம் ஏற வேண்டாம். செக்‌ஷன் ஆபீசில் பேசி, லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கிய பிறகு அவர்கள் ஆட்களே மாட்டட்டும்.