நிலத்தை விற்று மருத்துவ இடம் வாங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய அம்மா,

நீட் தேர்வில் மகளுக்கு இம்முறையும் மதிப்பெண் குறைந்துவிட்டதால், நிலத்தை விற்றாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடும்படி உங்கள் அண்ணன் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும், ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடிய கட்டணத்தை விவசாய வருமானத்தில் வாழும் குடும்பம் தலையில் ஏற்றிக்கொள்வது தவறு என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்தச் சுமை உங்கள் அண்ணன் மீது விழப்போவதில்லை. உங்கள் மகள் மீதுதான் விழும்.

பாட்டி சர்க்கரைக்குச் சாப்பிடும் சிறுகுறிஞ்சான் பொடி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அவள் ஓயாமல் கேட்பதாகப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். (பாட்டி, மருத்துவர் தந்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடக் கூடாது.) அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கென்றே, மூலிகை போன்ற இயற்கைப் பொருள்களின் மருந்துக் குணங்களை ஆராயும் பார்மகோக்னசி என்ற துறை இருக்கிறது. அதற்கு வழி பி.பார்ம். என்ற மருந்தியல் இளநிலைப் பட்டம்; நான்காண்டுப் படிப்பு, தமிழ்நாட்டில் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை, நீட் வேண்டாம். பிறகு ஜிபேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வில் தகுதி பெற்று முதுநிலைப் படிப்பான எம்.பார்ம். படிப்போருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு.

வேலை எப்படியிருக்கும் என்றால், பறித்த இலை சரியான செடிதானா என்று தாவரவியலாளரிடம் உறுதிசெய்து, நிழலில் உலர்த்திப் பொடித்து, சாக்ஸ்லெட் என்ற சாறு பிரிக்கும் கருவியில் எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கொண்டு சாறு இறக்க வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் நொதியை அந்தச் சாறு எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து, ஏற்கெனவே மருந்தாக உள்ள அகார்போசோடு ஒப்பிட வேண்டும். அதில் தேறினால், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற வேதிப்பொருளைச் செலுத்திச் சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் சோதனை. நச்சுத்தன்மையும் அங்கே பார்க்கப்படும். சோதனைக்குழாயில் நன்றாக வேலை செய்த சாறுகள் பலவும் உடலுக்குள் தோற்றுப்போகின்றன. அந்த ஏமாற்றத்தையும் நேர்மையாக எழுதி வைப்பவரே இத்துறைக்குத் தேவை. ஓர் எடுத்துக்காட்டு: கலேகா என்ற ஐரோப்பியச் செடியிலிருந்த கலேஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் மருந்தாக நிலைக்க முடியாத அளவு நச்சாக இருந்தது. அதன் வேதியியல் உறவான மெட்ஃபார்மின் என்ற மருந்தைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்திய முடிவுகளை பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் வெளியிட்டார்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, ஆராய்ச்சிப் படிப்பும் நீளும். இடையில் நிறுத்த நேர்ந்தாலும், பி.பார்ம். பட்டம் பதிவுபெற்ற மருந்தாளுநராகவும், டி.என்.பி.எஸ்.சி. வழியே மருந்து ஆய்வாளராகவும் இடம் தரும். ஒன்றை மட்டும் அவளிடமே கேளுங்கள்: கரிம வேதியியல் அவளுக்குப் பிடிக்கிறதா? பிடிக்கும் என்றால் விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். பிடிக்காது என்றால் இந்த யோசனையையும் விட்டுவிட்டு, அவளோடு என்னை வந்து பாருங்கள்.