எட்டு துளை இருந்தால் எட்டு லைன் ஆகிவிடாது

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. ஒட்டினாற்போல் அலுவலக அறை. கீழே சரிவில் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் இரண்டு காட்டேஜ்கள். ஃபைபர் இணைப்போடு 04266 எண் ஒன்று இருக்கிறது. வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் புக்கிங் அழைப்புகள் தவறிவிடுகின்றன. எட்டு போர்ட் உள்ள இணையத் தொலைபேசி அடாப்டரை வாங்கும்படி கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். வெளிநாட்டு அழைப்புகள் இலவசமாகும்படி தன் ஆளே வந்து அமைத்துத் தருவாராம். அப்பாவின் பழைய சுழற்று டயல் போனையும் இதில் இணைக்க ஆசை. எதை வாங்கலாம்?

பதில்: எட்டு போர்ட் பெட்டி உங்களுக்கு வேண்டாம். சாதாரண போனை இணையம் வழியாகப் பேச வைக்கும் பெட்டிதான் அடாப்டர். அதில் இருக்கும் துளைகள், அதாவது போர்ட்டுகள், போனைச் சொருகும் இடங்கள்தான். லைன் என்பது நிறுவனத்திடம் பணம் கட்டிப் பெறும் எண்ணும், அந்த எண்ணில் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு அனுமதி என்பதும். ஒற்றை அழைப்புக்கு மட்டும் அனுமதியுள்ள எண்ணை எட்டு போர்ட் பெட்டியில் போட்டாலும், இரண்டாவதாக அழைப்பவருக்கு இப்போது கேட்கும் அதே பிஸி டோன்தான் கேட்கும்.

பணத்தை எடுப்பதற்கு முன் உங்கள் ஃபைபர் மோடத்தின் பின்புறத்தைப் பாருங்கள். லேன் கேபிள் சொருகும் துளைகளுக்குப் பக்கத்தில், சற்றுச் சிறியதாக, போன் சொருகும் துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். அடாப்டரின் வேலையை அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. இரண்டு இருந்தால் அதே நிறுவனத்திடம் இரண்டாவது எண் கேளுங்கள். கிடைத்தால் அடாப்டர் செலவே இல்லை. ஆனால் கேட்டுப் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். லைன்மேன் அலுவலகத்தைக் கை காட்டுவார், அலுவலகம் இணையதளத்தைக் கை காட்டும், இணையதளத்தில் அப்படி ஒரு கட்டமே இருக்காது. மாதாமாதம் நாம் பணம் கட்டும் எண்ணை வேறொரு பெட்டியில் ஏற்றத் தேவையான கடவுச்சொல்லைக்கூட நமக்குச் சொல்ல மாட்டார்கள். ஆகவே ‘பழைய எண்ணையே புது அடாப்டருக்கு மாற்றித் தருகிறேன்’ என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கடவுச்சொல் அவருக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது எண் அங்கே கிடைக்காவிட்டால், உரிமம் பெற்ற வேறொரு நிறுவனத்திடம் இணையத் தொலைபேசி எண் வாங்குங்கள். 2018-இல் உரிம விதிகளைத் திருத்தியதிலிருந்து இதற்குத் தடையில்லை. அந்த எண்ணில் ஒரே நேரத்தில் இரண்டு அழைப்புகள் வர அனுமதி கேட்டு, அதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டுப் பேச்சு பழைய எண்ணிலேயே நடக்கட்டும். புது எண்ணை இரண்டு போர்ட் அடாப்டரில் போட்டு, அலுவலக மேசையில் இரண்டு போன் வையுங்கள். ஒன்றில் பேசும்போது மற்றது அடிக்கும். வேகமான பிளானுக்கு மாறச் சொன்னால் மாறாதீர்கள். ஓர் அழைப்புக்கு நொடிக்குச் சுமார் 90 கிலோபிட்தான் ஆகும்.

காட்டேஜ்களிலிருந்து வீட்டைக் கூப்பிடுவதற்கு இணையம் எதற்கு? சிறிய இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் ஒன்று போதும்.

அடாப்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எஃப்எக்ஸ்எஸ் (FXS) என்று எத்தனை போட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். போன் சொருகுவது அதில்தான். எஃப்எக்ஸ்ஓ (FXO) என்பது வெளியிலிருந்து வரும் லைனுக்கானது. இரண்டையும் கூட்டி ‘இரண்டு லைன்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வெளி லைனை எஃப்எக்ஸ்எஸ் துளையில் சொருகினால் அடாப்டர் கருகிப்போகலாம். மலிவாகக் கிடைக்கும் பழைய அடாப்டர்களில் பல, ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்டவை. அவற்றில் உங்கள் எண் ஏறாது.

இனி அந்த ‘இலவச வெளிநாட்டு அழைப்பு’ ஆளுக்கு வருகிறேன். அவர் கொண்டுவருவது பெரும்பாலும் சிம் கார்டுகள் அடுக்கிய ஒரு பெட்டியாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் அழைப்புகளை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவது அதன் தொழில். உங்களுக்கு இலவசம், அவருக்கு நிமிடக் கணக்கில் வருமானம். சட்டவிரோத தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் பிடிபட்டது என்று நாளிதழில் படிக்கிறோமே, அது இதுதான். போலீஸ் வரும்போது மின் கட்டணமும் இணைய இணைப்பும் உங்கள் பெயரில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அனுமதியின்றிச் சேவை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம். எனக்குப் புரியாதது ஒன்றுதான்: உங்களைப் போன்றவர் முறையாக இரண்டாவது எண் கேட்டால் இத்தனை படி ஏற வைக்கிறார்கள், இவர்களுக்கு மட்டும் சிம் கார்டுகள் கட்டுக் கட்டாகக் கிடைத்துவிடுகின்றன.

நேர்மையான அடாப்டரிலும் ஒரு வாசல் திறந்தே கிடக்கும். ‘அட்மின், அட்மின்’ என்று தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். ஐஎஸ்டி வசதியை முடக்கும்படி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தூங்கும்போது யாரோ உங்கள் கணக்கில் கண்டம் விட்டுக் கண்டம் பேசுவார்கள்.

அப்பாவின் போன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுவதில் அநேகமாகச் சிக்கல் இருக்காது. சிக்கல் அதிலிருந்து அழைப்பதில்தான். பட்டன் போன் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஒலியை அனுப்புகிறது. சுழற்று டயல் போனோ, டயல் திரும்பி வரும்போது லைனை விட்டுவிட்டுத் துண்டிக்கிறது: 3 சுழற்றினால் மூன்று முறை, 0 சுழற்றினால் பத்து முறை. பல அடாப்டர்கள் ஒலியை மட்டுமே அறியும்; இந்தத் துண்டிப்பு அவற்றுக்குப் புரியாது. துண்டிப்பை அறியும் ‘பல்ஸ் டயலிங்’ வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 இரண்டு போர்ட் உள்ளது, பல்ஸும் அறியும். அமைப்புப் பக்கத்தில் அதை இயக்கிவிட வேண்டும். கூடவே, எண்களுக்கு இடையே காத்திருக்கும் நேரத்தை ஏழெட்டு நொடியாக உயர்த்துங்கள். செல்பேசியின் பத்து எண்களை நிதானமாகச் சுழற்றுபவர் நடுவே சில நொடி தாமதித்தால், எண் முடிந்துவிட்டது என்று அடாப்டர் பாதியிலேயே அழைத்துவிடும். உள்ளே இருக்கும் உலோக மணிக்கு மின்சாரமும் கூடுதலாக வேண்டும். ஆகவே அந்தப் போர்ட்டில் வேறு போனைச் சேர்க்காதீர்கள். ‘ஆங்கிலத்துக்கு 2-ஐ அழுத்தவும்’ என்பது மட்டும் அந்தப் போனில் நடக்காது.

காட்டேஜுக்குப் போகும் இன்டர்காம் கம்பியை சில்வர் ஓக் மரங்களில் கட்டித் தொங்கவிடாதீர்கள். கோடை மழையின் மின்னல் அதன் வழியே எக்ஸ்சேஞ்சுக்குள் இறங்கும். தாழ்வாகக் கட்டினாலோ காட்டெருமை அறுத்துவிடும். குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைப்பதே நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போனால், மோடமும் அடாப்டரும் சேர்ந்தே அணையும். இரண்டுக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வேண்டும். அதை வாங்கும்போது இரண்டின் அடியிலும் 12 வோல்ட்டா 5 வோல்ட்டா என்று ஒட்டியிருப்பதைப் படித்துக் குறித்துக்கொண்டு போங்கள். 5 வோல்ட் அடாப்டரில் 12 வோல்ட் பின்னைச் சொருகினால் அதற்கு வாரண்டி தர மாட்டார்கள்.