கெட் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சானா?

கேள்வி: உர்சுலா லெ குவினோட எர்த்ஸீ வரிசையில முதல் மூணு நாவலையும் ராத்திரி முழிச்சு படிச்சவன் நான். நாலாவது, 'டெஹானு', படிச்சு நொந்துட்டேன். அவ்ளோ பெரிய மந்திரவாதி கெட் சக்தியெல்லாம் போயி ஆடு மேய்க்கிறான், பாதி கதை அடுப்படியிலயே ஓடுது, ஒண்ணுமே நடக்கல. கடைசியில டிராகன் வர்ற சீன் மட்டும் சூப்பர். இதெல்லாம் ஃபேன்டஸியா சார்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்க கடிதம் மொத்தம் நாலு பக்கம், இங்க சுருக்கித்தான் போட்டிருக்கேன். முழுசையும் ரெண்டு தடவ படிச்சேன், கெட் இருக்கான், டிராகன் இருக்கு, தெர்ருங்கிற பேரு ஒரு எடத்துல கூட இல்ல. கூட இருந்தவங்களே அடிச்சு நெருப்புல தள்ளுன சின்னப் பொண்ணுங்க அது, முகத்துல ஒரு பக்கம் வெந்து, ஒரு கண்ணு போயி, ஒரு கை சூம்பி கொக்கி மாதிரி ஆகிப்போன பொண்ணு. டெஹானுங்கிறது அவளோட நிஜப் பேரு, அந்த உலகத்துல நிஜப் பேர ரொம்ப நம்புறவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவாங்க. அட்டையில இருக்கிறதே அவ பேருதான், நாலு பக்கத்துல அவளுக்கு ஒரு வரி ஒதுக்க உங்களுக்கு தோணல.

கெட் சக்தி போனதுக்கு இந்த புக்க குத்தம் சொல்றீங்க. அது போனது மூணாவது நாவல்ல, செத்தவங்க உலகத்துக்கும் இந்த உலகத்துக்கும் நடுவுல தொறந்து கெடந்த வாசல அடைக்கிறதுக்காக அவனா முழுசா செலவழிச்சான். அப்ப கை தட்டிட்டீங்க. அதுக்கப்புறம் அந்த மனுஷன் எப்படி சோறு தின்னு எப்படி தூங்கி எந்திரிக்கிறான்னு எழுதுனா மட்டும் கோவம் வருது. ராஜா அனுப்புன ஆளுங்க தேடி வர்றப்ப அவன் வெக்கத்துல ஓடி ஒளியிறானே, எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு, சண்டை போடுற மந்திரவாதிய விட, ஓடி ஒளியிற இந்த மனுஷனத்தான் எனக்கு ரொம்ப நாளா மறக்க முடியல.

கெட்டோட குரு ஓகியன் சாகுற எடத்த மறுபடி எடுத்துப் படிங்க. பொணத்த எங்க பொதைக்கிறதுன்னு ரெண்டு மந்திரவாதிங்க அடிச்சுக்கிறாங்க. பக்கத்துலயே டெனார் இருக்கா, ரெண்டாவது நாவல்ல கல்லறை இருட்டுலேர்ந்து வெளிய வந்த அதே பொண்ணு, இப்ப ஒரு விவசாயியோட விதவை, வளர்ந்த புள்ளைங்களுக்கு அம்மா. சாகுறப்ப ஓகியன் தன்னோட நிஜப் பேர அவகிட்டதான் சொல்லிட்டுப் போனாரு. அவ அந்தப் பேரச் சொல்லி, இங்கயே இருக்கணும்னுதான் ஆசப்பட்டாருன்னும் சொல்றா. ரெண்டு பேருல இளையவன் அவள ஒரு பார்வ பாக்குறான், யாரோ கிராமத்துப் பொம்பளன்னு முகத்த திருப்பிக்கிறான், அவ்ளோதான். அந்தப் பக்கத்துல நீங்களும் அவனும் ஒரே மாதிரி திரும்பியிருக்கீங்க, இத நான் வருத்தத்தோடதான் சொல்றேன்.

1968ல வந்த முதல் நாவல்லயே ஒரு பழமொழி வருது, பொம்பளைங்க மந்திரம்னா பலவீனம், பொம்பளைங்க மந்திரம்னா கேடுன்னு. மந்திரப் பள்ளிக்கூடத்துல பசங்க மட்டும்தான். அத எழுதுனதும் லெ குவின்தான், 1972ல மூணாவது முடிச்சு 18 வருஷம் கழிச்சு, 1990ல, தான் கட்டுன அதே வீட்டுக்குள்ள திரும்பி வந்து அடுப்படிப் பக்கமா நின்னு பாக்குறாங்க. தன்னோட சொந்த கற்பனைய இப்படி கேள்வி கேக்க எவ்ளோ தைரியம் வேணும், நெபுலா விருது வேற வாங்குச்சு, அது கெடக்கட்டும்.

ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்றீங்களே, டெனார் எடுத்து வளக்குற தெர்ருவ தேடி ராத்திரியில ஆளுங்க வந்து கதவ சுத்துறப்ப, டெனார் கறி வெட்டுற கத்திய எடுத்துக்கிட்டு தானே கதவ தொறந்து வாங்கடான்னு நிக்கிறாளே, அது நடக்கலையா? கெட் கையில அப்ப இருக்கிறது கோல் இல்ல, வைக்கோல் அள்ளுற கவைக்கோல். ரொம்ப நாள் கழிச்சு கடல்லேர்ந்து வந்த டெனாரோட மகன் சாப்பிட்ட தட்ட கழுவ மாட்டேங்கிறான், அது பொம்பள வேலையாம். இந்த வீட்ல சாப்பிடுற எல்லாரோட வேலையும்தான்னு அம்மா சொல்றா, அவன் அசையல, இப்படி ஒருத்தனத்தான் வளத்திருக்கோமான்னு அவளுக்கு உறைக்கிற எடம் எந்தப் போர்க்களத்துக்கும் கொறஞ்சதில்லைங்க.

டிராகன் வர்ற சீன் சூப்பர்னு எழுதியிருக்கீங்க. டெனாரும் கெட்டும் கதையோட வில்லனான ஒரு மந்திரவாதியோட மந்திரத்துல கட்டுண்டு, மலை உச்சியிலேர்ந்து விழப்போற நேரம் அது. டிராகன் தானா வரல. வெந்துபோன முகத்தோட ஒரு சின்னப் பொண்ணு தனியா ஓடி உச்சி விளிம்புல நின்னு கூப்பிட்டா, அதனால வந்துச்சு.