இமாம் ஷாஃபியின் பெயரில்

கேள்வி: இமாம் ஷாஃபியின் பொன்மொழிகள் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் நாள்தோறும் வருகின்றன. 1,200 ஆண்டுகளுக்கு முன் மறைந்த சட்ட அறிஞரை இளைஞர்கள் இப்படிக் கொண்டாடுவது பெருமைதானே?
– வாசகர், கீழக்கரை

பதில்: எனக்குப் பெருமையாக இல்லை, வருத்தமாக இருக்கிறது. அந்தப் பொன்மொழிகளில் எத்தனையில் நூலின் பெயர் இருக்கிறது? ஒரு பூப்படம், இரண்டு வரி, கீழே 'இமாம் ஷாஃபி'. ஆதாரம் கேட்பதையே தம் வாழ்நாள் வேலையாகச் செய்தவருக்கா இந்தக் கதி?

கி.பி. 767-இல் காஸாவில் பிறந்து, மக்காவில் வறுமையில் வளர்ந்து, மதீனாவில் இமாம் மாலிக்கிடம் பாடம் கேட்டவர் அவர். நபிகளார் சொன்னதாக ஒருவர் வழியாக மட்டும் ஒரு செய்தி வந்தால் அதை எப்போது ஏற்கலாம்? சட்டத்தின் அடிப்படைகளைப் பற்றித் தாம் எழுதிய 'அர்-ரிஸாலா' என்ற நூலில் நிபந்தனைகளை அடுக்குகிறார். அறிவிப்பவர் மார்க்கத்தில் நம்பகமானவர், உண்மை பேசுபவர் என்று அறியப்பட்டிருக்க வேண்டும். சொல்வதன் பொருள் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். நினைவிலிருந்து சொன்னால் மனப்பாடம் பிசகக் கூடாது. ஏட்டைப் பார்த்துச் சொன்னால் ஏடு பத்திரமாக இருக்க வேண்டும். ஒருவரிடம் தாம் கேட்காததைக் கேட்டதுபோல் காட்டக் கூடாது. அவருக்குச் சொன்னவருக்கும், அவருக்கு முன்னவருக்கும் இதே சோதனைதான், செய்தி நபிகளாரைச் சென்று சேரும்வரை.

ஃபார்வர்டு செய்பவர்களில் யார் இதில் தேறுவார்கள்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. இராக்கில் தாம் சொன்ன சட்டங்கள் பலவற்றை எகிப்துக்குப் போன பிறகு அவரே மாற்றிக்கொண்டார். பழைய கூற்று, புதிய கூற்று என்று அவருடைய மத்ஹபின், அதாவது அவர் வழிவந்த சட்ட மரபின், அறிஞர்கள் பிரித்தே பேசுவார்கள். உங்கள் கடற்கரையில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். மதரஸாவில் ஓதியவர் யாரைக் கேட்டாலும் இந்தப் பிரிவைச் சொல்வார். காலமும் இடமும் இல்லாமல் வரும் ஒற்றை வரி, அவரே கைவிட்ட கருத்தாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை வரும்போது, அனுப்பியவரிடம் "எந்த நூல், எந்தப் பாடம்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அவரைக் கொண்டாட ஆசையிருந்தால் அரபி கற்ற ஆலிம் ஒருவரிடம் உட்கார்ந்து 'அர்-ரிஸாலா'வில் சில பக்கங்களைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தம்மோடு வாதிடுபவரின் மறுப்பை முதலில் எழுதிவிட்டு, பிறகே அவர் தம் பதிலைத் தொடங்குவதை அங்கே பார்ப்பீர்கள்.