கஞ்சி நீர்த்துப்போனால் சத்து போய்விடுமா?

அன்புள்ள ஐயா,

எனக்கு பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பிளஸ் ஒன் படிக்கிறேன். எங்கள் அண்ணன் குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகிறது. ராகிக் கஞ்சி கெட்டியாக இருந்தால் துப்பிவிடுகிறாள். அண்ணியின் அம்மா ஊரிலிருந்து வந்தவர், கஞ்சியை இறக்கிச் சற்று ஆறவிட்டு, முளைகட்டிய ராகி மாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் கஞ்சி தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா "சத்தெல்லாம் போச்சு, கஞ்சி கெட்டுப்போச்சு" என்கிறார். வீட்டில் இதுதான் இப்போது பேச்சு. எங்கள் பாடத்தில் நொதிகள் வருகிறது, இது அதுதானே? நொதி உயிருள்ளதா? கொதித்தால் செத்துவிடும் என்கிறார்களே, உயிர் இல்லாதது எப்படிச் சாகும்? நான் கடையில் வாங்கிய முளைகட்டிய மாவில் செய்து பார்த்தேன், கஞ்சி நீர்க்கவே இல்லை. ஏன்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் வீட்டு விவகாரத்தை முடித்துவிடலாம். சத்து எங்கேயும் போகவில்லை. அந்தப் பாட்டி செய்ததுதான் சரி. உங்கள் ஊகமும் சரி, அது நொதியின் வேலைதான். அமைலேஸ் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கும்.

கஞ்சி ஏன் கெட்டியாகிறது என்பதிலிருந்து வருவோம். ராகி மாவில் பெரும்பகுதி ஸ்டார்ச். ஸ்டார்ச் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் பூச்சரம் மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது, ஒரு சரத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஆயிரக்கணக்கிலும் இருக்கும். பச்சை மாவில் அவை சின்னச் சின்ன மணிகளாக இறுகிக் கிடக்கின்றன. அடுப்பில் சூடு ஏற ஏற அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி வெடிக்கின்றன, உள்ளே இருந்த சரங்கள் வெளியே பரவி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, தண்ணீர் அந்தச் சிக்கலுக்குள் மாட்டிக்கொள்கிறது. களி கரண்டியில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அமைலேஸ் அந்தச் சரத்தின் நடுநடுவே வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான், எதுவும் வெளியேறுவதில்லை. ஆயிரம் குளுக்கோஸ் உள்ள சரத்தை நடுவில் நான்கைந்து இடங்களில் வெட்டினாலே போதும், சிக்கல் அவிழ்ந்து கஞ்சி ஓட ஆரம்பித்துவிடும். இனிப்பு வர இன்னும் நேரம் பிடிக்கும், ஏனென்றால் துண்டுகள் மால்டோஸ் (இரண்டே குளுக்கோஸ் சேர்ந்த சர்க்கரை) அளவுக்குச் சிறியதாக வேண்டும். முதலில் நீர்க்கும், அப்புறம்தான் இனிக்கும். அடுத்த முறை ஐந்து நிமிடத்தில் ஒரு சொட்டு, அரை மணி கழித்து ஒரு சொட்டு என்று நாக்கில் வைத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேண்டாம். தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்த கஞ்சியில் நிச்சயமாகச் சத்து குறைவு. ஒரு கிண்ணம் குடித்தாலும் உள்ளே போகும் மாவு கொஞ்சம்தான். குழந்தையின் வயிறு சின்னது, தண்ணீரிலேயே நிரம்பிவிடும். அது கெட்டியாகவும் குடிக்காது, நீர்க்கக் கொடுத்தால் பற்றவும் பற்றாது. முளைமாவு போடும்போது மாவின் அளவைக் குறைக்காமலேயே கஞ்சி குழந்தை விழுங்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. ஸ்டார்ச் கிராமுக்கு சுமார் 4 கிலோ கலோரி, வெட்டினாலும் அதே அளவுதான். இன்னொன்று, பிறந்த குழந்தையின் கணையம் அமைலேஸை மிகக் குறைவாகத்தான் சுரக்கும், அது பெருகப் பல மாதங்கள் ஆகும். அந்த வேலையில் ஒரு பங்கை ராகியின் முளை முன்கூட்டியே செய்து கொடுத்துவிடுகிறது. 1980களில் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துத் துறையினர் இதே முறையை எடுத்து ஆராய்ந்தார்கள். நம் மாவட்டத்தில் ராகி விளையாத ஊர் குறைவு. இந்த ஒரு ஸ்பூன் விஷயம் ஒவ்வொரு அங்கன்வாடியிலும் ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முளைக்கு எதற்கு அமைலேஸ் என்று கேட்பீர்கள். விதைக்குள் இருக்கும் ஸ்டார்ச் அதன் சேமிப்பு. இலை வந்து வெயிலில் தானே சமைத்துக்கொள்ளும் வரை முளைக்கு அதுதான் சோறு. நனைந்ததும் கரு ஜிப்ரலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது, விதையின் ஓரத்து அடுக்கில் உள்ள செல்கள் அமைலேஸ் தயாரிக்க ஆரம்பிக்கின்றன. ஈரத்துணியில் கட்டி வைத்த ராகியில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும்போது உள்ளே இது மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது உயிர் கேள்விக்கு வருகிறேன், இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. 1833ல் பாயென், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து, ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உங்கள் வீட்டுப் பாட்டி கஞ்சியில் போட்டதும் அதே வகைதான். ஆனாலும் நொதித்தல் போன்ற காரியம் நடக்க உயிருள்ள செல் வேண்டும் என்று பெரிய பெரிய ஆட்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1897ல் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, செல்லே இல்லாத சாற்றை எடுத்தார். அதில் சர்க்கரை போட்டதும் அதுவும் நுரைத்தது. 1907ல் அவருக்கு நோபல் பரிசு. அந்தச் சாற்றில் இருப்பது என்ன வகைப் பொருள் என்பது அப்போதும் தெளிவாகவில்லை. அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர், சிறுவயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர், ஒருவகை அவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாகவே எடுத்து, இது புரதம் என்று 1926ல் காட்டினார். பலர் ஒப்பவில்லை. அவருக்கு நோபல் வர இன்னும் இருபது வருடம் ஆனது. உங்கள் நிலத்தில் யூரியா போட்டால் மண்ணில் அதை அம்மோனியாவாக உடைப்பதும் இதே யூரியேஸ்தான்.

ஆக, நொதிக்கு உயிர் இல்லை. அது ஒரு பொருள். அமைலேஸ் என்பது சுமார் 400, 500 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்து, மடிந்து, ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் நிற்பது. அந்த வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, ஸ்டார்ச் சரம் அதில் வந்து உட்காரும், வெட்டுப்படும், விலகும். நொதி அப்படியே இருக்கும், அடுத்த சரத்துக்குப் போகும். அதனால்தான் ஒரு ஸ்பூன் மாவு ஒரு பாத்திரம் கஞ்சிக்குப் போதுகிறது. ஆனால் மடிப்பைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகள் பலவீனமானவை. சூடு அதிகமானால் அவை விட்டுப்போகின்றன, மடிப்பு குலைகிறது, பள்ளம் காணாமல் போகிறது. முட்டையின் வெள்ளை வெந்து கெட்டியாவதும் புரதத்துக்கு நடக்கும் இதே சங்கதிதான். செத்துவிடும் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம், பரீட்சையில் இயல்பிழத்தல் என்று எழுதுங்கள்.

கடை மாவு ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. வாசனை வர வறுத்திருப்பார்கள், வறுத்ததில் அமைலேஸ் போயிருக்கும். மாவு கெட்டது என்று அர்த்தமில்லை, இந்த ஒரு காரியத்துக்கு ஆகாது. வீட்டிலேயே ஊறவைத்து, முளைகட்டி, நிழலிலோ வெயிலிலோ நன்றாகக் காயவைத்து, வறுக்காமல் அரையுங்கள். பூசணம் பிடித்திருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். கொதிக்கிற கஞ்சியில் கொட்டக் கூடாது. விரல் வைத்தால் சுடும், ஆனால் ஆவி பறக்கக் கொதிக்காத நிலையில் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். நீர்த்ததும் மறுபடி அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பச்சை மாவில் கிருமி இருக்கலாம், ஒன்பது மாதக் குழந்தைக்கு அது ஆகாது. அதற்குள் நொதி வேலையை முடித்திருக்கும், இனி அது குலைந்தாலும் கவலையில்லை. வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு இந்த நீர்த்த கஞ்சி வேண்டாம், வெட்டுப்பட்ட ஸ்டார்ச் ரத்தத்தில் சீக்கிரம் ஏறும்.

வகுப்பில் செய்து காட்ட ஒரு வழி சொல்கிறேன். ராகியின் நிறம் இடைஞ்சல், அதனால் ஜவ்வரிசிக் கஞ்சியை வெதுவெதுப்பாக மூன்று டம்ளரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எதுவும் போடாதீர்கள். ஒன்றில் முளைமாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளிந்த நீர். இன்னொன்றில் அதே தெளிநீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். அரை மணி கழித்து ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்து, நன்றாக ஆறியபின், மருந்துக்கடை அயோடின் டிங்சர் ஒரு சொட்டு விடுங்கள். எந்த டம்ளரில் கருநீலம் வரவில்லை என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். டிங்சர் விட்ட கஞ்சியை யாரும் வாயில் வைத்துவிடாமல் உடனே கொட்டிவிடுங்கள்.